நாலு விரற்கடை இடம்

அமெரிக்கா வந்த முதல் வாரத்தில், மூடிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவுகளுக்கு நடுவே ஒரு பெண் சர்வசாதாரணமாகக் கையை நுழைத்ததைப் பார்த்து நான் வீலென்று கத்திவிட்டேன். கை துண்டாகப் போகிறது என்றே நினைத்தேன். கதவோ மணிக்கட்டைத் தொட்டதும் தொடாததுமாகப் பின்வாங்கி மரியாதையாக ஒதுங்கி நின்றது. அந்தப் பெண் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள். விருதுநகரில் எங்கள் தெரு முக்குத் துணிக்கடையின் ஷட்டர் இரண்டு பேர் விரலை வாங்கியிருக்கிறது. மெஷினைக் கண்டால் தள்ளி நில் என்று வளர்ந்தவள் நான். இங்கே மெஷின்கள்தான் மனிதரைக் கண்டால் தள்ளி நிற்கின்றன. டெக்சாஸில் பேர்லேண்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டு கராஜ் கதவு இறங்கும்போது என் மகள் தாரிணி, நாலு வயதில், சென்சாருக்குக் குறுக்கே காலை நீட்டி நீட்டி அதை மேலே திருப்பி அனுப்பி விளையாடுவாள். "தாரு, கால ஒடிச்சிருவேன்" என்று நான் சமையலறையிலிருந்து கத்துவேன். அவள் சிரிப்பாள். பத்தொன்பது வருடத்தில் எனக்கும் அந்தப் பயம் விட்டுப்போயிற்று. இந்த ஊர் மெஷினுக்கு இரக்கம் உண்டு என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

போன ஸ்பிரிங் பிரேக் லீவில் என் கணவர் முரளியின் வலது கை உடைந்தது. உடைத்தது நான். ஊரில் எல்லோரிடமும் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே ஆபீஸிலும் கோயிலிலும் மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கதை சொல்லி அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை ஒரே தடவை எழுதிவிடுகிறேன்.

ஆர்.வி. என்று இங்கே சொல்வது சக்கரம் வைத்த வீடு. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளே உண்டு. ஓட்டும்போது பஸ் அகலம். நிறுத்திய பிறகு ஒரு ஸ்விட்சை அழுத்தினால் பக்கவாட்டுச் சுவரில் ஒரு பகுதி, அதிலிருக்கும் சோபா, ஜன்னல் எல்லாவற்றோடும் மூன்றடி வெளியே நகர்ந்து போகும். ஒண்டுக்குடித்தனம் போலிருந்த இடம் கூடம் ஆகிவிடும். அதற்கு ஸ்லைட் என்று பெயர். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் ஸ்லைட். முரளிக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து ஆசை. ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். கொடுத்த வெள்ளைக்காரப் பெரியவர் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். முரளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் மிடில் ஸ்கூலில் கணக்கு டீச்சர். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஸ்லைட் வெளியே வரும் பக்கம் மூன்றரை அடி காலி இடம் வேண்டும், முதலில் டேப்பால் அளந்துவிட வேண்டும், ஸ்விட்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் நகரும், விட்டால் நின்ற இடத்தில் நிற்கும், உள்ளே இழுக்க மறுபக்கம் அழுத்த வேண்டும். கடைசியாக அவர் சொன்னார்: "இட் வோன்ட் ஸ்டாப் ஃபார் யூ." குறுக்கே எது வந்தாலும் தள்ளும், எதிரில் இருப்பது உடையும் வரை தள்ளும் என்றார். அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்கு வாய் நீளம். முரளி சென்னையில் பெரம்பூர்க்காரர். அவருக்குக் குரல் நீளம். ஒருவரை ஒருவர் கைநீட்டியது கிடையாது. ஆனால் வாயால் ஒரு நாளைக்கு எத்தனை கொலை நடக்கும் என்று கணக்கில்லை. தோலை உரிப்பேன், பல்லைத் தட்டுவேன், தலையில் கல்லைத் தூக்கிப் போடுவேன், கழுத்தை நெரிப்பேன். பால் பொங்கினால் ஒரு கொலை, சாவி காணாமல் போனால் ஒரு கொலை. காதைப் பிடித்துத் திருகுவேன் என்பதெல்லாம் எங்களுக்குக் கொஞ்சல் கணக்கில் வரும். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டுக்கொண்டே சாம்பாருக்குப் புளி கரைப்பார்கள். ஒருவரும் தலையைத் திருப்ப மாட்டார்கள்.

இங்கே வார்த்தைக்கு அந்த மன்னிப்பு இல்லை. என் வகுப்பில் ஏழாம் கிளாஸ் பையன் ஒருவன், பென்சிலைப் பிடுங்கிய இன்னொருவனைப் பார்த்து, கொன்றுவிடுவேன் என்று இங்கிலீஷில் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் பள்ளிக்கூட விதிப்படி நான் எழுதிக் கொடுத்தாக வேண்டும், எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் வந்தார், பள்ளிக்கூடப் போலீஸ்காரர் வந்தார், அவன் அம்மா அழுதுகொண்டே வந்தார். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, துண்டை ஈரத்தோடு கட்டிலில் போட்டதற்காக முரளியைக் கொன்றுவிடுவேன் என்றேன். கணக்கு டீச்சர் என்று பேர்தான். இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு அன்று தோன்றவில்லை.

பேர்லேண்டிலிருந்து குன்றுகள் நிறைந்த ஹில் கன்ட்ரிக்கு வண்டி ஓட்டி வந்த ஐந்து மணி நேரமும் சண்டை. அவர் லேன் மாற்றினால் நான் கத்துவேன், நான் கத்தினால் அவர் பிரேக் போடுவார், பிரேக் போட்டால் உள்ளே அலமாரி திறந்து எவர்சில்வர் டப்பாக்கள் உருளும். ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்குகிற கேம்ப்கிரவுண்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி; மூன்று பேரும் சாப்பிடவில்லை. எங்களுக்குக் கொடுத்த இடம் வாய்க்கால் மாதிரி ஒடுக்கம். வலது பக்கம் வேறொருவர் டிரெய்லர். அதன் முன்னால் மடக்கு நாற்காலியில், தொப்பி போட்ட ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மடியில் நாயோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் இடுப்பில் உறைக்குள் துப்பாக்கி. டெக்சாஸில் அது பெல்ட் மாதிரி, பழகிவிட்டது. இடது பக்கம், ஸ்லைட் வெளியே வர வேண்டிய பக்கம், ஒரு பெரிய ஓக் மரம், அதுவும் வண்டியை நோக்கிச் சாய்ந்த மரம்.

ரிவர்ஸ் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் பின்னால் நின்று "வாங்க, வாங்க, போதும், போதும்னு சொல்றேன்ல" என்று அலற, அவர் கண்ணாடியை இறக்கி "எந்தப் பக்கம்னு சொல்லேன்டி" என்று அலற, பதினாறு வயது தாரு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பீப்பிள் ஆர் வாட்சிங்" என்றாள். பார்த்தால் பார்க்கட்டும் என்றேன். பெரியவரின் மனைவி நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பார்க்கிங் பண்ணுகிறார்கள் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர்கள் காதுக்கு அது என்னவாகக் கேட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி நின்றதும் முரளி உள்ளே வந்து நேரே ஸ்விட்சில் கை வைத்தார். அது கதவோரம் ஒரு பலகையில் இருந்தது. அளக்காமல் தொடாதீங்க என்றேன். அவர் அழுத்தினார். சுவர் ஒரு முழம் நகர்ந்தது. நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். மறுபடியும் அழுத்தினார். பசி, வெயில், ஐந்து மணி நேரச் சண்டை, எல்லாம் சேர்ந்து என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திறந்த கதவுக்கு நேரே நின்றுகொண்டு கத்தினேன்:

"இன்னொரு தடவ கைய வச்சீங்கன்னா அந்தக் கைய ஒடிச்சிருவேன், பாத்துக்கங்க."

கவனியுங்கள், ஒடிப்பதிலும் மரியாதை விட்டுப்போகவில்லை. படியில் நின்றுகொண்டிருந்த தாரு கேட்டாள். பெரியவர் கேட்டார், புரிந்திருக்காது. முரளி சிரித்தார். "ஒடி பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நான் வெளியே நின்று பார்க்கிறேன், நீ அழுத்து என்று இறங்கிப் போனார்.

டேப் டிராயரில் இருந்தது. நானும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முரளி பைப்லைன் டிசைன் செய்கிற எஞ்சினியர். ஆபீஸில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் ஜூனியர்களை வறுத்தெடுத்துவிடுவார். ஆனால் வீட்டில் அவருக்கு அளவு என்றால் கைதான். பிரிட்ஜ் வாங்கியபோதும், சோபா வாங்கியபோதும், கடையில் சாண் போட்டு எண்ணி, வீட்டுக்கு வந்து சுவரில் சாண் போட்டு எண்ணினார். இரண்டும் சரியாகத்தான் வந்தன. அந்தத் திமிர். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே காற்றில் சாண் போட்டுக்கொண்டே போய், "தாராளமா வரும். கடைசியில நாலு விரக்கடை மிச்சம் இருக்கும்" என்றார். இடுப்பு உயரத்தில் அளந்தார். மரம் மேலே போகப் போக உள்ளே சாய்ந்திருந்தது. அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

நான் ஸ்விட்சை அழுத்தினேன். அடியில் எங்கோ பம்ப் முனகத் தொடங்கியது. சோபாவும் சுவரும் என்னைவிட்டு மெதுவாக விலகிப் போயின. சோபாவுக்கு மேலிருந்த ஜன்னல் வழியாக முரளியின் தலையும் மரத்தின் பட்டையும் தெரிந்தன. அவர் கை தெரியவில்லை. தாரு வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. "வா, வா, வரலாம், வா" என்று முரளி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, மிச்சம் நாலு விரற்கடை இருக்கிறதா என்று பார்க்க, தோள் உயரத்தில் மரத்துக்கும் ஸ்லைடின் இரும்பு விளிம்புக்கும் நடுவில் முன்கையை நுழைத்திருக்கிறார். லிஃப்ட் கதவுக்குள் கையை விடுகிற மாதிரி.

"ஏய்" என்றார்.

இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. அந்த ஏய் எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. காலையிலிருந்து நூறு ஏய் கேட்டவள். இது நூற்றியொன்று என்று நினைத்தேன். நிறுத்தியிருக்கலாம். கட்டைவிரலை எடுத்தால் போதும். ஆனால் இவர் அதட்டினால் நான் நிறுத்த வேண்டுமா என்று ஒரு வீம்பு வந்தது. எடுக்கவில்லை. அடுத்து இன்னொரு ஏய் வந்தது, அதற்கும் எடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தது வார்த்தையே இல்லை. பம்பின் முனகல் தடித்து, ஒரு நொடி திணறி, பிறகு லேசானது. கூடவே ஒரு சத்தம், காய்ந்த முருங்கைக் கிளையை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருவது போல. அப்போதுதான் விரலை எடுத்தேன்.

விரலை எடுத்தால் அது நிற்கும், அவ்வளவுதான். பிடித்ததை விடாது. முரளி மரத்தோடு ஒட்டிக்கிடந்தார். முட்டி மடங்கி உடம்பு கீழே சரிய, கை மட்டும் மேலே மாட்டிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முழங்கைக்குக் கீழே கை வேறு திசையில் போயிருந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று வெளியே நின்றது. சட்டை முழுக்க ரத்தம், மரப்பட்டையில் ரத்தம்.  தாரு "பிரஸ் இன்! மாம், பிரஸ் இன்!" என்று கத்தினாள். எந்தப் பக்கம் இன், எந்தப் பக்கம் அவுட் என்று நோட்டில் எழுதி வைத்தவளுக்கு அந்த நேரத்தில் எதுவும் நினைவில்லை. ஸ்விட்சிடம் திரும்பி ஓடி, கையை வைத்து, தப்பான பக்கம் அழுத்தினேன். அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பக்கத்து டிரெய்லர் பெரியவர் வந்தது எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்து இழுத்து வீசினார். மடக்கு மேஜையில் இடுப்பு மோதிக் கீழே விழுந்தேன். அவர் சரியான பக்கத்தை அழுத்தினார், சுவர் உள்ளே வந்தது, வெளியே முரளி மண்ணில் விழுந்தார். பெரியவரின் மனைவி போனில் பேசிக்கொண்டே துணியால் கையைக் கட்டினார். நான் எழுந்து ஓடினேன். பெரியவர் என்னைக் கிட்ட விடவில்லை. ஒரு கை என் நெஞ்சுக்கு முன்னால், இன்னொரு கை துப்பாக்கி உறையின் மேல். என் புருஷன் ரத்தம் ஒழுகக் கிடக்கிறார், பத்தடி தள்ளி என்னை ஒரு அந்நியன் நிறுத்தி வைத்திருக்கிறான்.

நான் செய்தது எந்தத் தமிழ்ப் பெண்ணும் செய்வது. தலையிலும் மாரிலும் மாறி மாறி அடித்துக்கொண்டேன். "பாவி, நானே ஒடிச்சிட்டேனே, நானே இப்படிப் பண்ணிட்டேனே" என்று கதறினேன். அந்த மனிதர் புரியாமல் நிற்கிறாரே என்று, அவர் புரிந்துகொண்டு என்னை விடட்டும் என்று, அதையே இங்கிலீஷிலும் சொன்னேன். "ஐ டிட் திஸ். ஐ ப்ரோக் ஹிஸ் ஹேண்ட். ஐ ஆம் எ சின்னர்." ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொல்லியிருப்பேன். ஊரில் இழவு வீட்டில் பொண்டாட்டி நானே கொன்னுட்டேனே என்று புரண்டு அழுதால், நாலு பெண்கள் கட்டிப்பிடித்து, அப்படிச் சொல்லாத, உன் மேல என்ன தப்பு என்பார்கள். அதைச் சொல்ல வைக்கத்தான் நாம் அப்படி அழுவது. இங்கே யாரும் உன் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார்கள்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஷெரிஃப் ஆபீஸின் டெபுடி, அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர், வந்துவிட்டார். என் தம்பி வயதுதான் இருக்கும். பெரியவர் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வந்ததிலிருந்து சண்டை, அந்த அம்மா கத்திக்கொண்டே இருந்தாள், அவள்தான் அழுத்தினாள், இன்னொரு தடவையும் அழுத்தினாள், தானே ஒத்துக்கொண்டாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டெபுடி என்னிடம் வந்து, மேம், திரும்பி நில்லுங்கள் என்றார். கோபமே இல்லாத குரல். கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டினார். இது அரெஸ்ட் இல்லை, எல்லோருடைய பாதுகாப்புக்கும்தான் என்றார். நான் திமிறினேன், அவரிடம் போகணும், விடுங்க என்று தமிழிலேயே கத்தினேன். டெபுடி ஒரு கையால் என் பிடரியை அழுத்தித் தன் வண்டியின் மேல் சாய்த்தார். வெயிலில் காய்ந்த தகரம் கன்னத்தைச் சுட்டது. கிரீன் கார்டு வரிசையில் நின்று தலை நரைத்த குடும்பம் எங்களுடையது. டீச்சர் லைசென்ஸ், வீடு, வரிசை எல்லாம் அந்தத் தகரத்தில் கன்னம் ஒட்டியிருந்த நேரத்தில் எனக்குக் கண்முன்னால் போய்விட்டது. அதற்கப்புறம் ஆம்புலன்ஸ் முரளியை ஏற்றிக்கொண்டு போயிற்று. என்னை விடவில்லை.

டெபுடி தாருவிடம் போனார். இருபதடி தள்ளி வேறொரு மரத்தடியில் அவளை உட்கார வைத்து, தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. இது நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கதவருகில் நின்று உன் அம்மா உன் அப்பாவிடம் ஏதோ சத்தமாகச் சொன்னாராமே, பக்கத்தில் இருப்பவருக்கு மொழி புரியவில்லை, உனக்குப் புரியுமா?

"யா" என்றாள் தாரு.

என்ன சொன்னார்?

அங்கே அந்த வாக்கியம் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தார். ஒருத்தி விலங்கோடு நின்றாள். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பென்சில் பையனுக்கே அத்தனை பேர் வந்தார்கள். அது சும்மா சொல்வது, எங்கள் வீட்டில் தினமும் சொல்வது என்று விளக்கினால் இன்னும் மோசம். 

தாரு தலையை நிமிர்த்தி, அவர் கண்ணைப் பார்த்து, தடுமாறாமல் சொன்னாள். "ஷி செட், பி கேர்ஃபுல், யூ வில் ஹர்ட் யுவர் ஹேண்ட்."

டெபுடி எழுதிக்கொண்டார். ஆம்புலன்ஸில் முரளியும், தப்பு என்னுது, நான்தான் கையை விட்டேன் என்று சொன்னதாக டெபுடியின் ரேடியோவில் செய்தி வந்தது. விலங்கைக் கழற்றினார்கள். பெரியவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஸாரி மேம் என்றார். அவர் மனைவி எங்கள் இருவரையும் தன் பிக்கப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் தாரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பிழைத்தோம் என்று நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் தோள் கல்லு மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

எட்டு வயதில் நான் அந்த முகத்தை வைத்திருந்தேன். என் அப்பா ரைஸ் மில்லில் ஃபோர்மேன். அம்மாவைப் பார்த்துக் கையை ஒடிச்சிருவேன் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அடுப்பை ஊதிக்கொண்டே சரி ஒடிங்க என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீரோ சாவியைக் கேட்டார், அம்மா கைக்குள் மூடிக்கொண்டு தர மாட்டேன் என்று விளையாட்டாகச் சிரித்தாள். அவர் விரலைப் பிடித்துத் திருகினார். அம்மா விடுங்க என்றாள். ஒரு தடவை சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போயின. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பெரியவர்களிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார், என்ன பாப்பா ஆச்சு என்று. "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. வெளியே வந்ததும் அப்பா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்த இருபத்தாறு வருடத்தில் அவருக்குச் சோறு போட்டேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், விமான நிலையத்தில் காலில் விழுந்து கும்பிட்டேன். ஒரு நாளும் அவரை நம்பவில்லை. வேண்டுமென்றே செய்தாரா, கை மீறிப் போயிற்றா என்று நான் கேட்கவும் இல்லை.

கைநீட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் நான் குடும்பம் நடத்தினேன். அதைக் காப்பாற்றவும் செய்தேன். ஆனால் அப்பாவின் வார்த்தையை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வெறும் வார்த்தைதானே, யாருக்கு வலிக்கப் போகிறது என்று நினைத்தேன். தாரு அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாள். நான் அது பேச்சுவாக்கில் வருவது என்று நினைத்துக்கொண்டிருக்க, அவள் பள்ளிக்கூடத்தில் படித்த அர்த்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அன்று சொன்ன பொய் அம்மா அப்பாவி என்று தெரிந்து சொன்ன பொய் இல்லை.

ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. முரளிக்கு இரண்டு எலும்புக்கும் தகடு வைக்க வேண்டும், நாலு மணி நேரம் ஆகும், இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். என் மணிக்கட்டில் விலங்கின் தடம் சிவப்பாக இருந்தது. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டேன். தாரு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல், ஒன்று தள்ளி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து என் பக்கம் குனிந்தாள்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பெண்ணிடம் தமிழில் பேசு, தமிழில் பேசு என்று நான் மன்றாடியிருக்கிறேன். ஞாயிறு தோறும் கோயில் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். முழுசாக ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து தமிழில் நான் கேட்டதே இல்லை. அன்று அவள் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, தாழ்ந்த குரலில், தமிழில் கேட்டாள்.

"அப்பா 'ஏய்' சொன்னாங்க. ரெண்டு வாட்டி சொன்னாங்க. மெஷின் நிக்கலை. நீ வேணும்னே பண்ணியாம்மா?"

அந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் புரியக் கூடாது என்று தமிழில் கேட்டாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்போதும்.

கையை ஒடிக்க நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. விரலை எடுக்காமல் இருந்தது வேண்டுமென்றேதான். இந்த இரண்டையும் சேர்த்து அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தமிழில் சொல்லியிருந்தால் முழுசாகச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"நோ" என்றேன். "நோ, கண்ணா. இட் வாஸ் அன் ஆக்ஸிடென்ட்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஓகே" என்றாள்.

முரளியின் கை ஏறக்குறையச் சரியாகிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் மரத்துப்போய் இருக்கிறது. அவர் இந்தக் கட்டுரையைப் படிப்பார்; படிக்கட்டும், அந்த ஏய் எனக்குக் கேட்டது என்று அவருக்கும் இதில்தான் முதலில் தெரியப்போகிறது. தாருவால் தமிழ் படிக்க முடியாது. அவள் அதற்குப் பிறகு என்னிடம் தமிழில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் அவளைத் திட்டுவதை விட்டுவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் இங்கிலீஷில், ப்ளீஸ் போட்டுச் சொல்கிறேன். அவளும் தேங்க் யூ சொல்கிறாள். வீடு இப்போது சத்தமில்லாமல் இருக்கிறது.